கீழக்குயில்குடியில் நடக்க எந்தப் பாதை: மலைப்படியா, கண்மாய்க்கரையா, செட்டிப்புடவா?

கீழக்குயில்குடிக்கு நடக்கப் போகிறேன் என்று மதுரையில் யாரிடம் சொன்னாலும், "சமணர் மலை ஏறவா?" என்றுதான் கேட்பார்கள். ஏறலாம், தப்பில்லை. ஆனால் அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டால் அங்கிருந்து மூன்று விதமாக நடக்கலாம். படியேறிப் பேச்சிப்பள்ளம் போய் அப்படியே உச்சிக்குப் போவது ஒன்று. ஏறாமல் அடிவாரத்தை ஒட்டியே சுற்றிக்கொண்டு மலையின் தென்மேற்கில் இருக்கிற செட்டிப்புடவு என்ற குகைக்குப் போவது இன்னொன்று. மலைக்கு முதுகைக் காட்டிவிட்டு வயல் வழியாகக் கண்மாய்க்கரைக்குப் போவது மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமைக் காலை நடைக்கு எங்கள் வீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மூன்றையும் மாற்றி மாற்றி நடந்து பார்த்துவிட்டுச் செட்டிப்புடவுப் பாதையில் நின்றுவிட்டோம். அதனால் இதை நடுநிலையான தீர்ப்பு என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

ஊருக்குப் போகிற வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வந்ததும் இடதுபக்கம் திரும்ப வேண்டும். அய்யனார் கோயில், தாமரைக்குளம், ஆலமரங்கள் எல்லாம் மலையடியிலேயே இருக்கின்றன. பார்க்க மட்டும் வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து பொழுதைப் போக்கிவிடலாம். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் மலைப்படி. அழகு என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பாறையிலேயே வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி. மூச்சு வாங்கும் நேரத்தில் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். சுனைக்கு மேலே பாறைச் சுவரில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள்: மகாவீரர், பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி. அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் கல்வெட்டுகள். அந்த எழுத்துகளை விரலால் தொடுகிற தூரத்தில் நின்று பார்க்கலாம். தொடாமல் பார்ப்பது நல்லது. இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தது, அதாவது 9ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. உச்சியில் தீபத்தூண், அதன் பக்கத்தில் ஒரு கன்னடக் கல்வெட்டு. காற்று ஆளைத் தள்ளும். வடக்கே நாகமலை நீளமாகப் படுத்திருக்கும், இன்னொரு பக்கம் திருப்பரங்குன்றம், நடுவில் மதுரை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை? காரணம் வெயில். வெயில் என்று பொதுவாகச் சொல்வதைவிடப் பாறைச் சூடு என்று சொல்வதுதான் சரி.

எங்கள் முடிவு முழுக்க இதில்தான் நின்றது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சமணர் மலை மொட்டைப் பாறை. மேலே போகப் போக மரம் என்று சொல்ல எதுவும் கிடையாது. மார்கழியிலும் தையிலும் இது ஒரு குறையாகவே தெரியாது, சொல்லப்போனால் இளவெயில் இதமாக இருக்கும். மாசி கழிந்தபின் கதை மாறிவிடும். சூரியன் கொஞ்சம் ஏறியதுமே பாறை சூட்டை வாங்க ஆரம்பித்துவிடுகிறது. தலைக்கு மேலே அடிக்கிற வெயிலைத் தொப்பியோ துண்டோ தடுக்கும். கீழேயிருந்து வருகிற சூட்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். கம்பியைப் பிடிக்கவே கை தயங்கும். சரி, சாயங்காலம் போகலாமே என்றால் அதுவும் சரிப்படவில்லை. பகல் முழுக்க வாங்கிய சூட்டைப் பாறை பொழுது சாய்ந்த பிறகும் விட்டுக்கொண்டே இருக்கிறது. சித்திரை, வைகாசியில் ஆறு மணிக்கு மேல் போனாலும் கணுக்கால் வரை அனல் அடிக்கும். அந்த நேரத்துக்கும் பிறகு ஏறினால் இருட்டில்தான் இறங்க வேண்டும்.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. சுனைப் பக்கமும் படிகளில் தண்ணீர் வழிந்த இடத்திலும் பாசி பிடித்துவிடும். பையன்கள் துள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எழுபதைத் தாண்டிய என் மாமனார், "நீங்க போயிட்டு வாங்க மாப்ளே, நான் இப்படி ஆலமரத்தடியில இருக்கேன்" என்று உட்கார்ந்துவிடுவார். வாராவாரம் ஒருவரைக் கீழே விட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் குடும்ப நடையா? ஆக வெயில் மாதங்களையும் மழை மாதங்களையும் கழித்துவிட்டால், ஒரு வருஷத்தில் இந்தப் பாதை எங்கள் எல்லோருக்கும் உதவுகிற காலம் சிறிதுதான்.

செட்டிப்புடவுப் பாதை இந்த இடத்தில்தான் முந்துகிறது. சமணர் மலைத் தொடர் கீழக்குயில்குடியில் தொடங்கி முத்துப்பட்டிப் பக்கம் வரை போகிறது. நாம் நடப்பது மலையின் தென்மேற்குப் பக்கத்தை ஒட்டி. அதனால் காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் ஏறி வர வேண்டும். சுற்றிலும் வயல்களில் வெயில் விழுந்த பிறகும் அடிவாரம் கொஞ்ச நேரம் நிழலிலேயே இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்குத் தேவை. தரை சரளை கலந்த செம்மண். மழை பெய்தால் தண்ணீர் வடிந்துவிடும், செருப்பில் அப்பாது. ஏற்றம் கடைசியில்தான், அதுவும் சில படிகள். மாமனார் நின்று நின்று ஏறிவிடுகிறார்.

போய்ச் சேருகிற இடமும் லேசுப்பட்டதல்ல. புடவுக்கு வெளியே பாறையில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவர் பெரிய சிற்பமாக உட்கார்ந்திருக்கிறார், ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்வது இவரைத்தான். நீண்ட காது, தலைக்கு மேல் முக்குடை, கீழே சிங்கங்கள் தாங்கும் பீடம். குனிந்து உள்ளே போனால் குடைந்த கூரையின் வளைவில் ஐந்து சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் சிற்பத்தில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்த ஒரு பெண் வில்லை வளைத்துக்கொண்டிருக்கிறாள், எதிரே யானை மேல் வாளோடு ஒருவன். என் அக்கா மகனுக்குத் தீர்த்தங்கரர்களைவிட இந்தச் சண்டைதான் பிடித்தது. "யாரு மாமா ஜெயிச்சா?" என்று கேட்டான். சிங்கத்தின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே என்றேன். எந்த மாதத்திலும் உள்ளே குளிர்ச்சிதான். கையில் கொண்டுபோன இட்லியை வெளியே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். எச்சிலையும் பாலித்தீன் பையையும் அங்கே போட்டுவிட்டு வருகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

குறை இல்லாமலில்லை. சாயங்காலத்துக்கு இந்தப் பாதை ஆகாது. மேற்கு வெயில் நேராக முகத்திலும் பாறையிலும் அடிக்கும், காலையில் கிடைத்த நிழலுக்கு வட்டியும் முதலுமாக வாங்கிவிடும். ஆள் நடமாட்டமும் படிப்பக்கம் போல இல்லை. ஓரத்தில் உடைந்த பாட்டில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனித்துக் கூட்டிப்போக வேண்டும். நாங்கள் எப்போதும் கூட்டமாகவே போவதால் எந்தப் பயமும் தெரிந்ததில்லை. தனியாக, அதுவும் பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்டால், ஊர்க்காரர் யாரையாவது கேட்டுக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். உயரத்திலிருந்து பார்க்கிற காட்சியும் கிடையாது, அது வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும்.

கண்மாய்க்கரையைப் பற்றிச் சுருக்கமாக. சமதளம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மூன்றில் இதுதான் சுலபம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்திருந்தால் கொக்கு, முக்குளிப்பான், நாமக்கோழி எல்லாம் பார்க்கலாம். ஆனால் கரை ஈரமாக இருந்தால் களிமண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்திருந்தால் கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். தண்ணீர் வற்றிய மாதங்களில் நடப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. அடைமழை நாட்களில் நான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை, அதனால் அப்போது கரை எப்படி இருக்கும் என்பதற்கு என் வார்த்தையை நம்பிப் போக வேண்டாம். ஒன்று மட்டும் இதில் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது: சாயங்கால நடை. மற்ற இரண்டும் கைவிடுகிற அந்த நேரத்தில் இங்கே தண்ணீர் மேல் காற்று வரும், மலை மேல் மஞ்சள் வெயில் விழுவதை எதிரேயிருந்து பார்க்கலாம்.

முத்துப்பட்டியில் பஞ்சவர் படுக்கையையும் சிலர் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ள அருமையான இடம், முசிறி என்ற ஊர்ப்பெயர் அங்கே ஒரு கல்வெட்டில் வருகிறது. ஆனால் அது மலைத் தொடரின் மறுகோடி. நான் வண்டியில் சுற்றிப்போய்த்தான் பார்த்தேன், கீழக்குயில்குடியிலிருந்து நடந்ததில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

வெளியூரிலிருந்து ஒரே ஒரு நாள் வருகிறவர்கள் நான் சொல்வதைக் கேட்காமல் மலையேறிவிடுங்கள். மார்கழி, தை மாதமாக இருந்து விடிவதற்குள் வந்து சேர்ந்தால் பாறைச் சூட்டைப் பற்றிய என் புலம்பல் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. கீழே இறங்கிய பிறகும் காலில் தெம்பு இருந்தால் செட்டிப்புடவையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். வெறும் ரப்பர் செருப்போடு வராதீர்கள், தண்ணீரைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.