குளிர்கால ‘பேக்கேஜ்’ எடுக்கப் போறீங்களா? என் அரை மாசச் சம்பளம் போன கதையைப் படிச்சுட்டுப் போங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். கடைசியில என்னென்ன கவனிக்கணும்னு விரிவா ஒரு பட்டியலும் போடுறேன்.

காருக்குப் பாலிஷ், செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல பூசுற பாதுகாப்புப் படலம்) எல்லாம் பண்ற ஒரு டீடெய்லிங் கடை. பேர் வேண்டாம். பனி விழுந்து, அது உருகுறதுக்காக ரோட்டுல உப்பு தூவ ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போனேன். “குளிர்கால முழுப் பாதுகாப்பு”னு ஒரு பேக்கேஜ்: முழு வாஷ், மேல செராமிக், அடியில துருத் தடுப்புப் பூச்சு. விலை என் அரை மாசச் சம்பளம்.

அந்த ஆள் பேசினது ஒண்ணுகூடத் தப்பில்லைங்க, அதுதான் எரிச்சல். டயருக்கு மேல இருக்கிற வளைவுக்குள்ள கையை விட்டு, விரல்ல ஒட்டின வெள்ளைப் பொடியைக் காட்டினார். “கடுங்குளிர்ல இது பெருசா ஒண்ணும் பண்ணாது சார். கொஞ்சம் சூடாகி ஈரம் சேர்ற அன்னைக்குத்தான் இரும்பைத் தின்னும். கால்சியம் குளோரைடு கலந்திருந்தா காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்து வெச்சுக்கும்”னார். வேலை தெரிஞ்ச மனுஷன்னு தோணிச்சு. சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனப்ப பானெட் மேல ஒரு குவளைத் தண்ணியை ஊத்திக் காட்டினார். முத்து முத்தா உருண்டு ஓடிச்சு. “அஞ்சு வருஷ வாரண்டி சார்!” அங்கேயே மொத்தப் பணத்தையும் அனுப்பிட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். செராமிக்னா முதல்ல ‘கிளே பார்’ங்கிற களிமண் மாதிரி கட்டியைத் தேய்ச்சுப் பெயிண்ட்ல ஒட்டின அழுக்கை எடுக்கணும், பாலிஷ் போடணும், அப்புறம் பூசி, குளிர் இல்லாத இடத்துல ராத்திரி முழுக்கவாவது காய விடணும். அதுக்கப்புறமும் சில நாளைக்குத் தண்ணி படாம இருந்தா நல்லது. காலையில விட்ட வண்டி சாயங்காலம் கையில. அதுவும், எந்தத் தண்ணியைக் காட்டி நம்ப வெச்சாரோ, அந்தத் தண்ணியே அன்னைக்கு அது மேல பட்டிருக்கக் கூடாது! ஸ்ப்ரே மெழுகு அடிச்சாலும் தண்ணி அப்படித்தான் உருளும். நாலு வாஷ்ல எல்லாம் போச்சு.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். பிரேக் பார்க்க மெக்கானிக்கிட்ட விட்டேன். லிஃப்ட்ல தூக்கி, அடியில இருந்த கறுப்புப் பூச்சை ஸ்க்ரூடிரைவரால நெம்பினார். தோலா உரிஞ்சு வந்துச்சு. உள்ள ஈர உப்பு, அதுக்கும் கீழ துரு. கழுவாம, காய வைக்காம அப்படியே அடிச்சிருக்காங்க. கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டையைக்கூட அடைச்சுட்டாங்க. “பூசாம விட்டிருந்தா தண்ணி அடிச்சாவது உப்பு போயிருக்கும். இப்ப மூடி போட்டு ஊற வெச்சிருக்காங்க”ன்னார். இதுக்கு அரை மாசச் சம்பளம்!

போன் பண்ணினேன். “என்ன ஷாம்பு போட்டீங்க?” அவங்க சொன்ன ஷாம்புதான், பில் இருக்குன்னேன். “டெக்னீஷியன் லீவு.” அடுத்த தடவை, “மாசாமாசம் எங்ககிட்டயே வாஷ் பண்ணியிருந்தாத்தான் வாரண்டி.” இதைப் பணம் வாங்கும்போது யாரும் சொல்லலை. கடைசியா முதலாளியே லைனுக்கு வந்து, “உப்பு ரோட்டுல ஓட்டினா துரு வரத்தானே சார் செய்யும்?”னார். அடப்பாவி, அது வரக் கூடாதுன்னுதானே அரை மாசச் சம்பளத்தைக் கொட்டினேன்! சமாதானத்துக்கு உள் சீட் கிளீனிங் இலவசமாப் பண்ணித் தர்றாங்களாம். இப்ப மெசேஜ் பார்க்கிறாங்க, பதில் இல்லை.

பட்டியல் போடுறேன்னேன், அதுக்கு இப்ப பொறுமை இல்லை. அடிப்பூச்சு அடிக்கிறதுக்கு முன்னாடி, கழுவிக் காஞ்ச அடிப்பாகத்தை லிஃப்ட்ல நீங்களே பாருங்க, போட்டோ எடுங்க. ஒரே நாள்ல செராமிக்னு சொன்னா கிளம்பிடுங்க. முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீங்க. மத்தபடி, உறைபனி இல்லாத நாளாப் பார்த்து அடியில வெறும் தண்ணியை நல்லா பீச்சி அடிச்சாலே பாதி உப்பு போயிடும். கழுவினதும் கதவு ரப்பரைத் துடைச்சுடுங்க, இல்லைன்னா கதவு உறைஞ்சு ஒட்டிக்கும்.

வாரண்டி கார்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. புகாரோட சேர்த்து அனுப்ப இப்ப அதைத்தான் ஸ்கேன் பண்ணிட்டிருக்கேன். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்க மெக்கானிக் கேக்கிற கூலி தனி.