இல்ஃபோர்டு டெல்டா 3200: டப்பாவில் ஒரு வேகம், ஃபிலிமில் ஒரு வேகம்

பெயரில் 3200 இருந்தாலும், ஐஎஸ்ஓ முறைப்படி அளந்தால் இந்தக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமின் வேகம், அதாவது ஒளி உணரும் திறன், 1000தான். இல்ஃபோர்டின் தகவல் தாளே இதை மறைக்காமல் சொல்கிறது. மீதமுள்ள ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஸ்டாப்பை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு அல்லது பாதி) டெவலப்பரில், அதாவது ஃபிலிம் கழுவும் ரசாயனத்தில், கூடுதல் நேரம் வைத்துச் சமாளிக்கிறோம். அந்தக் கூடுதல் நேரம் வெளிச்சமான பகுதிகளைத்தான் தூக்கிவிடும். நிழலில் ஒளியே பதியவில்லை என்றால் எந்த டெவலப்பர் வந்தும் பயனில்லை.

ஆகவே மீட்டரை 1600இல் வைத்து எடுத்து, 3200க்கு உரிய நேரம் கழுவுவதே நல்லது: இல்ஃபோர்டின் டிடி-எக்ஸ் டெவலப்பர் 1+4 (ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்), 20 டிகிரி செல்சியஸ், ஒன்பதரை நிமிடம். 3200இல்தான் எடுத்தாக வேண்டுமென்றால் 6400க்கான பன்னிரண்டரை நிமிடத்தைப் பிடியுங்கள். தாளில் உள்ளபடியே கழுவினால் நெகட்டிவ் சற்றுச் சோகையாக வருகிறது.

விளக்கு எரியும் சாதாரண அறையில் 3200க்கு எஃப் 2.8, 1/125 நொடி கிடைக்கும்; கையில் பிடித்தே எடுக்கலாம். ஆனால் பல்பு ஃபிரேமுக்குள் இருந்தால் மீட்டர் ஏமாந்துவிடும், முகம் கரியாகிவிடும். அருகில் போய் முகத்தின் நிழல் பக்கத்தை அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்தால் போதும்.

இல்ஃபோர்டின் 400 வேக ஃபிலிமான எச்பி5 பிளஸ்ஸை 3200க்குத் தள்ளினால் (3200 என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவினால்) ஆகாதா? ஆகும். ஆனால் அது மூன்று ஸ்டாப். அதே டெவலப்பரில் 20 நிமிடம், நிழல்கள் வெறும் கண்ணாடிபோல் நிற்கும். டெல்டாவில் கோட்டின் மடிப்பாவது தெரியும். கிரெய்ன் (படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகள்) மட்டும் 35 மிமீயில் முரடு, வானம் போன்ற வெற்றிடங்களில் உறுத்தும். அதைவிட அகலமான 120 ரோலில் அந்தக் குறை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

முக்காலியில் வைத்து நீண்ட எக்ஸ்போஷர் கொடுக்க இது ஏற்றதல்ல. ஒரு நொடியைத் தாண்டினால் ஃபிலிமின் உணர்திறன் சரியும்: மீட்டர் 10 நொடி காட்டினால் 21 நொடி, 30 காட்டினால் ஒன்றரை நிமிடம் தர வேண்டும். முக்காலி இருக்கும் இடத்தில் மெதுவான ஃபிலிமே மேல்.

வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். வேகமான ஃபிலிம் என்பதால் பழசானால் ஃபாக் (ஒளி படாமலே ஃபிலிமில் படரும் மங்கல்) சீக்கிரம் ஏறி, எடுக்க வேண்டிய நிழலையே தின்றுவிடும். எடுத்த ரோலையும் உடனே கழுவிவிடுங்கள். விமான நிலையத்தில் எக்ஸ்ரேக்குள் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.