பொடுகுக்கு துர்தூரபத்ராதி கேர தைலம், ஒரு வருஷம் தேய்ச்சுப் பார்த்த அனுபவம்

மூணு வருஷமா விடாத பொடுகுங்க எனக்கு. கருப்பு சுடிதாரே எடுக்குறது இல்ல, யாராச்சும் பின்னாடி வந்து நின்னா கை தானா தோள்பட்டையைத் தட்டிவிடும். தோல் டாக்டர் எழுதிக்குடுத்த கீட்டோகோனசோல் ஷாம்புல நல்லாவே அடங்குச்சு, அதை இல்லைன்னு சொல்லமாட்டேன், ஆனா நிறுத்தி ஒரு மாசம் ஆனா மறுபடியும் அரிக்க ஆரம்பிச்சுரும். அப்பத்தான் கோயம்புத்தூர்ல எங்க வீட்டுப் பக்கத்துல இருக்குற ஆயுர்வேத வைத்தியரைப் போய்ப் பார்த்தேன், அவங்க தலையை வகிடு வகிடா பிரிச்சுப் பார்த்துட்டு இதுக்கு தாருணகம்னு பேரு, இந்த எண்ணெயைத் தேய்ங்கன்னு எழுதிக்குடுத்தாங்க.

துர்தூரம்னா ஊமத்தை, கேரம்னா தேங்காய். ஊமத்தை இலைச்சாறை தேங்கா எண்ணெயில விட்டுக் காய்ச்சி இறக்குறது, சகஸ்ரயோகம்ங்கற ஆயுர்வேதப் புத்தகத்துல வர்ற பழைய கேரள மருந்து முறை. பல கம்பெனிக தயாரிக்கிறாங்க, நாட்டு மருந்துக் கடையிலயும் கிடைக்குது, எந்தக் கம்பெனியா இருந்தாலும் லேபிள்ல ஊமத்தையும் தேங்கா எண்ணெயும் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. பச்சை இலையை வதக்குன மாதிரி வாசம் அடிக்கும், குளிச்சப்பறம் நிக்காது.

முதல் மாசம் எனக்கு இது சுத்தமா வேலை செய்யல, இன்னும் அதிகமாத்தான் ஆச்சு. காரணம் எண்ணெய் இல்லீங்க, நான் தேய்ச்ச விதம். வைத்தியர் அரை மணி நேரம் போதும்னு தெளிவாத்தான் சொன்னாங்க, ஆனா எண்ணெய்னா ராத்திரி பூரா ஊறணும்னு சின்ன வயசுல இருந்து பழகிட்டோம்ல, நானும் நிறைய வெச்சு துணியைக் கட்டிட்டுப் படுத்துட்டேன். திரும்பப் போய்க் கேட்டப்பதான் விளக்கமா சொன்னாங்க. எல்லாரு தலையிலயும் மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், அதாவது பூஞ்சை இருக்கும், அது தலையில ஊறுற எண்ணெய்ப்பசையைத் தின்னுதான் வளருது, அதுல மிச்சம் விடுற ஓலியிக் அமிலம் சிலபேர் தோலுக்கு ஒத்துக்காம அரிச்சு செதிள் செதிளா உரியுது. தேங்கா எண்ணெயும் அதுக்குத் தீனிதான், அதனால ராத்திரி பூரா விட்டா மருந்து ஒருபக்கம் தீனி ஒருபக்கம்னு ஆயிரும். பொடுகுன்னாலே தலை காஞ்சு கிடக்கு, எண்ணெய் ஊத்துன்னு நம்ம வீடுகள்ல சொல்றாங்கல்ல, என்னோடது மாதிரி பிசுபிசுன்னு மஞ்சளா ஒட்டுற பொடுகுக்கு அது சரிப்படாது.

அப்பறம் முறையை மாத்துனேன். வாரம் ரெண்டு நாள், ரெண்டே ஸ்பூன், முடிக்கு இல்லாம மண்டைத்தோல்ல மட்டும் விரல் நுனியால தொட்டுத் தொட்டு வெச்சு அரை மணி நேரத்துல அலசிருவேன். அலசுறதுக்கு அரப்பு. எங்க அம்மிச்சி காலத்துல இருந்து வீட்ல அரப்புதான், எண்ணெயை மிச்சமில்லாம எடுத்துரும், கண்ணுல பட்டா மட்டும் எரியும். அரப்பு கிடைக்காதவங்க சீயக்காயோ ஷாம்புவோ போடுங்க, பிசுக்கு போகலைன்னா ரெண்டு தடவை போடுங்க, எண்ணெய் தலையில தங்கக்கூடாது, அவ்ளோதான். மூணாவது வாரம் அரிப்பு நின்னுச்சு, ரெண்டு மாசத்துல செதிளும் போயிருச்சு.

ஆனா புருவத்துலயும் மூக்கு ஓரத்துலயும் உரிஞ்சுட்டு இருந்தது இதுக்குக் கேக்கல. கண்ணுகிட்ட இதைத் தடவவும் கூடாது, அதுக்குத் தனியா தோல் டாக்டர்கிட்ட க்ரீம் வாங்கித்தான் போட்டேன். மார்கழியில ஊருக்குப் போய் ரெண்டு வாரம் விட்டதுக்கே காதுக்குப் பின்னாடி திரும்ப வந்துச்சு, அதனால நிரந்தரமா போயிரும்னு நினைச்சு வாங்காதீங்க, தொடர்ந்து தேய்ச்சா கட்டுக்குள்ள இருக்கும்.

இன்னொண்ணு, இதை ரொம்ப முக்கியமா சொல்லணும். ஊமத்தை விஷச்செடிங்க. எண்ணெய் உள்ளுக்குப் போகவே கூடாது, தேய்ச்ச கையோட கண்ணைத் தொட்டா கண்ணு பாப்பா விரிஞ்சு பார்வை மங்கும், தலையில புண்ணோ சொறிஞ்ச காயமோ இருந்தா ஆறுற வரைக்கும் வேண்டாம். சின்னப் பசங்க இருக்குற வீட்ல சாதா தேங்கா எண்ணெய் பாட்டில் பக்கத்துல வெக்காதீங்க, நான் பீரோ மேல வெச்சிருக்கேன். கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க வைத்தியர்கிட்ட கேக்காம தொடாதீங்க.

ஊமத்தைன்னாலே பயமா இருந்தா சித்த மருந்துக்கடையில பொடுதலை தைலம் கேட்டுப் பாருங்க, வயல் வரப்புலயும் குளத்தோரமும் படர்ந்து கிடக்குற அந்தப் பொடுதலைதான். என் தங்கச்சிக்கு லேசான பொடுகு, அவளுக்கு அதே போதுமா இருந்துச்சு, எனக்கு அது பத்தல. ஊதா கலர்ல இருக்குற வெட்பாலைத் தைலத்தையும் பொடுகுக்குன்னு குடுப்பாங்க, அதை சோரியாசிஸ் மாதிரி தடிச்சு உரியறதுக்குத்தான் அதிகமா எழுதுவாங்க, தலையணை உறையில கறை புடிக்கும். எலுமிச்சம்பழத்தை அப்படியே தேய்க்கிறதை மட்டும் விட்டுருங்க, சொறிஞ்ச தலையில எரிச்சல்தான் மிஞ்சும்.

இப்ப எனக்கு மூணாவது பாட்டில் ஓடுது. முடி கொத்தா கொட்டுது, வட்டமா சொட்டை விழுது, இல்ல நீர் கசியுதுன்னா இதை வாங்காம முதல்ல தோல் டாக்டரைப் பாருங்க, அது வேற வியாதியா இருக்கலாம்.