முட்டையை எண்ணிவிட்டுக் கொடுக்கும் புழுமருந்து: மதுரைப் பக்கத்துக் குதிரை லாயத்தில் சில ஆண்டு அனுபவம்

மேலூர், அலங்காநல்லூர் வட்டாரங்களில் வண்டிப் பந்தயத்துக்கும் திருமண ஊர்வலத்துக்கும் குதிரை வளர்ப்பவர்களில் நான் அறிந்த பலரும், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே நாளில் குடற்புழு மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சிதைத்துக் குதிரைகளைக் கொன்றுவந்த பெரிய ஸ்ட்ராங்கைல் புழுவை ஒழிப்பதற்காக, அமெரிக்காவின் கென்டக்கியில் ட்ரட்ஜ், லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1966இல் இரண்டு மாத இடைவெளியைப் பரிந்துரைத்தார்கள். முறையாக மருந்து கொடுத்த லாயங்களில் அந்தப் புழு அருகிவிட்டது. இடைவெளி மட்டும் நிலைத்துவிட்டது. வளர்ந்த குதிரைகளில் இன்று மிகுந்திருக்கும் சிறிய ஸ்ட்ராங்கைல்களோ, ஃபென்பெண்டசோல் போன்ற மருந்துகளுக்கு உலகின் பல பகுதிகளில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன. எங்கள் லாயத்தில் சில ஆண்டுகளாக இலத்தியைப் பரிசோதித்த பிறகே மருந்து கொடுக்கிறோம்.

முதல் இடையூறு ஆய்வகத்தில் இருந்தது. நாங்கள் மாதிரி கொடுத்த இடத்தில் ‘ஸ்ட்ராங்கைல் முட்டை உள்ளது’ என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இட்டுத் தந்தார்கள். மேயும் குதிரைகளில் பெரும்பாலானவற்றின் இலத்தியில் சில முட்டைகள் இருக்கத்தான் செய்யும். ஒரு கிராமில் எத்தனை என்று தெரியாத அறிக்கையைக் கொண்டு எந்த முடிவும் எடுக்க இயலாது. ஆகவே பழைய நுண்ணோக்கி ஒன்றை வாங்கி, முட்டைகளை எண்ணுவதற்கென்று கட்டமிட்ட இரு அறைகள் கொண்ட மெக்மாஸ்டர் கண்ணாடியை வெளியூரிலிருந்து வரவழைத்தோம். இரண்டு கிராம் இலத்தியை 28 மில்லி செறிந்த உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டி, கண்ணாடியின் இரு அறைகளிலும் நிரப்பி, ஐந்து நிமிடம் விட்டால் முட்டைகள் மேலே மிதந்து வந்துவிடும். இரு அறைகளின் கட்டங்களுக்குள் தெரிவதை எண்ணி ஐம்பதால் பெருக்கினால் ஒரு கிராமுக்கான எண்ணிக்கை கிடைக்கும். கால்நடை மருத்துவர் ஒருவர் உடனிருந்து முட்டைக்கும் காற்றுக் குமிழிக்கும் வேறுபாடு காட்டியது பெரிய உதவி. நம் ஊர் வெயிலில் முட்டைகள் ஒரு நாளுக்குள்ளேயே பொரிக்கத் தொடங்கிவிடுவதால், இலத்தி விழுந்தவுடன் பையில் எடுத்து, காற்றைப் பிழிந்து வெளியேற்றி, குளிர்ச்சியில் வைப்பது மிக அவசியம்.

ஒரு மந்தையின் முட்டைகளில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை இருபது விழுக்காடு குதிரைகளே வெளியேற்றுகின்றன என்று நூல்கள் சொல்வதை எங்கள் லாயத்திலேயே கண்டோம். எங்கள் ஐந்து குதிரைகளில் மூன்று பெரும்பாலும் ஒரு கிராமுக்கு 200 முட்டைக்குக் கீழேயே நிற்கின்றன. பெண் குதிரை ஒன்று மட்டும் உடல் மினுமினுப்பாக, நல்ல தெம்போடு இருந்துகொண்டே ஒவ்வொரு முறையும் 500ஐத் தாண்டுகிறது. பார்வையை நம்பியிருந்தால் அதை ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதற்கு ஃபென்பெண்டசோல் கொடுத்து, பதினான்காம் நாள் மீண்டும் எண்ணியபோது முட்டைகள் பாதியளவுகூடக் குறையவில்லை. தொண்ணூறு விழுக்காட்டுக்கும் குறைவாகக் குறைந்தால் எதிர்ப்புத்திறனைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அந்த மருந்துக்குரிய அளவுகோல். மருத்துவர் ஐவர்மெக்டினுக்கு மாற்றினார். அடுத்த எண்ணிக்கையில் ஒரு முட்டையும் இல்லை. மருந்தைக் கண்மதிப்பில் கொடுப்பதும் எதிர்ப்புத்திறனை வளர்க்கும் என்பதால், நெஞ்சுச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 11,880ஆல் வகுத்து (அளவுகள் சென்டிமீட்டரில்) எடையைக் கணக்கிட்டே கொடுக்கிறோம்.

இம்முறைக்கு எல்லை உண்டு. குடல் சுவரில் பொதிந்திருக்கும் இளம்புழுக்கள் முட்டையிடுவதில்லை. நாடாப்புழுவும் இப்பரிசோதனையில் பல நேரம் தப்பிவிடும். எனவே எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மருத்துவர் சொல்லும் அளவில் பொதிந்த இளம்புழுக்களையும் தாக்கும் மாக்ஸிடெக்டினும் நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெலும் சேர்ந்த மருந்தை எல்லாவற்றுக்கும் கொடுக்கிறோம். குட்டிகளுக்கு இந்த எண் வரம்புகள் பொருந்தா. அவற்றைத் தாக்கும் பெரிய உருளைப்புழு குடலையே அடைத்துவிடக்கூடியது என்பதால், குட்டிகளுக்கு மருத்துவர் தரும் தனி அட்டவணைதான் பாதுகாப்பு.

மருந்துச் செலவு கணிசமாகக் குறைந்தது. ஆயினும், என் கணிப்பில், அதிகப் பயன் தந்தது வாரம் இருமுறை இலத்தியை அள்ளி அகற்றும் வேலையே. சித்திரை, வைகாசி வெயிலில் திறந்த தரையில் கிடக்கும் இளம்புழுக்கள் காய்ந்து மடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க் கரைப் புல் ஈரமாக இருக்கையில்தான் அவை இலைகளில் ஏறிக் குதிரையின் வாய்க்குள் போகின்றன. ஆதலால் மழைக்கு முன் புரட்டாசியிலும், மழைக்குப் பின் மருந்து கொடுப்பதற்கு முன்பாகவும் தவறாமல் எண்ணுகிறோம். அள்ளிய இலத்தியைக் குவித்து மக்கவிட்டால் உள்ளே எழும் சூட்டில் முட்டைகள் அழியும். பச்சையாகத் தீவனப்புல் பாத்தியில் கொட்டக் கூடாது. ஒன்றிரண்டு குதிரை மட்டும் வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் நான்கைந்து பேராகச் சேர்ந்து நுண்ணோக்கியும் கண்ணாடியும் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் இப்போது வேறு இரு லாயத்துக்காரர்களும் மாதிரிகளை எங்களிடமே கொண்டுவந்து எண்ணிக்கொண்டு போகிறார்கள்.