வடசென்னையில் நாய்த் தீவனத்தை லூஸில் வாங்குபவர்கள் கவனத்திற்கு

பெரம்பூரில் வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள் விற்கும் ஒரு கடையில், பிரபல நிறுவனத்தின் பெரிய மூட்டையைப் பிரித்து எடைபோட்டுத் தருவதாகச் சொன்னதை நம்பி, எங்கள் நாய் மணிக்காக மூன்று கிலோ தீவனம் வாங்கினோம். நான் வேலை முடிந்து வருவதற்குள் அம்மா ஒரு கிண்ணம் வைத்துவிட்டிருந்தார். மிச்சத்தை நான் பிரித்தபோது பெயிண்ட் தின்னரின் நெடி முகத்தில் அடித்தது. கவரின் உட்புறம் எண்ணெய் கசிந்து பிசுபிசுத்தது. அச்சிட்ட பக்கம் உள்ளே வரும்படி கவரைத் திருப்பிப் போட்டிருந்ததால், சிவப்பு மை தீவன உருண்டைகளில் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

அன்றிரவு முழுவதும் மணி வாந்தி எடுத்தான். மறுநாள் டிரிப்ஸ் ஏற்றிய கால்நடை மருத்துவர், பரிசோதனைக் கூடத்தில் ஆய்வு செய்யாமல் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் அந்தத் தீவனத்தை இனிமேல் கொடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கேட்கப் போனபோதுதான், கடையின் பின்கட்டில் தீவனம் கொட்டி வைத்திருந்த நீலப் பேரலைப் பார்த்தேன். தொழிற்சாலைகளில் ரசாயனம் வரும் பேரல் அது. பாதி சுரண்டப்பட்ட ஸ்டிக்கரில், அபாயத்தைக் குறிக்கும் சாய்சதுரம் அப்படியே தெரிந்தது. "நல்லா கழுவிட்டுத்தான் சார் போடுறோம். நாய்க்குத்தானே, மனுசனுக்கா?" என்றார் கடைக்காரர். அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கழுவினால் மேலே ஒட்டியதுதான் போகும். பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொண்ட ரசாயனம் உள்ளேயே தங்கி, கொழுப்புள்ள பொருள் பட்டால் மெல்ல அதில் இறங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். நாய்த் தீவனத்தில் கொழுப்பு அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். முறையாகத் தயாரித்த டப்பாக்களிலேயே இந்தச் சிக்கல் உண்டு: அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் டப்பா உணவு தின்ற நாய்களின் இரத்தத்தில் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. அப்படியிருக்க, ரசாயனப் பேரலையும் பழைய கவரையும் எப்படி நம்புவது?

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு என்பதற்கான வரையறையிலிருந்து விலங்குத் தீவனத்தை விலக்கிவிட்டதால், நமக்கான உணவுப் பொட்டல விதிகள் இதற்குப் பொருந்துவதில்லை. இது பெரும் ஓட்டை என்பதே என் கருத்து. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. எனக்கு அந்தக் கடையில் கேட்டும் பில் தரவில்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

மூட்டையை உங்கள் கண்முன் பிரித்தாலன்றி, தயவுசெய்து லூஸில் வாங்காதீர்கள். சிறிய பாக்கெட்டே வாங்கினாலும், தயாரிப்பாளர் முகவரியும் தயாரித்த மாதமும் அச்சிட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கி, நெடியோ மைக்கறையோ தென்பட்டால், கவரையும் கொஞ்சம் தீவனத்தையும் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அவைதான் சாட்சி.