ஆஸ்துமாவோடு ஓட்டம்: பீக் ஃப்ளோ மீட்டர், ஸ்பேசர், இன்ஹேலர் – ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆஸ்துமா உள்ள ஒருவர் ஓடத் தொடங்கும்போது நீல இன்ஹேலர்தான் உயிர்நாடி என்று தோன்றும். ஆறு மாதம் போனால் வரிசை மாறிவிடும். அதிகம் உழைப்பது மூலையில் கிடக்கும் அந்த பிளாஸ்டிக் குழாய், மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர்தான்.

புதிதாக ஓடுபவருக்கு எப்படியும் மூச்சு வாங்கும். அது பழக்கமின்மையா, ஆஸ்துமாவா என்பதை உணர்வை வைத்துச் சொல்வது கடினம். பழக்கம் போதாமல் வரும் இரைப்பு, நின்ற சில நிமிடங்களில் தணியும். மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் நேர்மாறு: ஓடி நிறுத்திய பிறகு, 5 முதல் 15 நிமிடத்துக்குள்தான் இருமலும் நெஞ்சிறுக்கமும் உச்சத்துக்கு ஏறும். வேகமாக வாயால் இழுக்கும் காற்று மூச்சுக்குழலின் உட்சுவரை உலர்த்துகிறது. அந்த உலர்ச்சிதான் சுருக்கத்தைத் தூண்டுகிறது. குளிர்ந்த, வறண்ட காற்றில் தொல்லை கூடுவது இதனால்தான். வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடி ஓடினால் குறையும்.

அதனால் ஓடுமுன் ஒருமுறை, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஒருமுறை மீட்டரில் ஊதிப் பார்க்க வேண்டும். முள்ளைக் கீழே இறக்கி, நின்றபடி முழு மூச்சு இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் ஊதுங்கள். மூன்று முறை ஊதிப் பெரிய எண்ணை எழுதுங்கள், சராசரியை அல்ல. விரல் முள்ளின் பாதையை மறித்தாலோ நாக்கு துளையை அடைத்தாலோ எண் குறையும். துப்புவதுபோல் கன்னத்தால் ஊதினால் பொய்யாக ஏறும். மீட்டரை மாற்றினால் பழைய எண்களோடு ஒப்பிடாதீர்கள்.

உடம்பு நன்றாக இருக்கும் இரண்டு வாரத்தில் கிடைக்கும் உச்ச எண்தான் உங்கள் அளவுகோல். அது 450 என்றால் 80 சதவீதம் 360; அதற்குக் கீழே காட்டும் நாளில் ஓட்டம் வேண்டாம். பாதிக்கும், அதாவது 225க்கும் கீழே போனால் உடனே மருத்துவ உதவி தேவை. ஓட்டத்துக்குப் பின் எண் 15 சதவீதம் போல அடிக்கடி இறங்கினால், அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். "மூச்சு முட்டுது டாக்டர்" என்பதைவிட அது தெளிவாகப் பேசும்.

இன்ஹேலரின் வாயில் மாட்டி மருந்தை இழுக்கும் குழாயான ஸ்பேசர் பற்றிப் பெரிய குறையில்லை, கழுவும் விதத்தைத் தவிர. துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் முக்கி, தானாகக் காய விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே பஃப். மெதுவாக இழுத்துப் பத்து விநாடி அடக்க வேண்டும். சில ஸ்பேசர்கள் விசிலடிக்கும்: வேகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். தூள் மருந்து இன்ஹேலருக்கு ஸ்பேசர் கிடையாது, அதை வேகமாக இழுக்க வேண்டும்.

இன்ஹேலரில் பலரும் ஏமாறுவது ஒன்றில்: குலுக்கினால் சத்தம் வருகிறதே, மருந்து இருக்கிறது என்று நம்புவது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிச்சமிருக்கும். எண்ணிக்கை காட்டும் ரகம் இல்லையென்றால் பஃப்களைக் குறித்து வையுங்கள்.

மருத்துவர் சொல்லியிருந்தால், ஓட்டத்துக்குச் சுமார் 15 நிமிடம் முன் சால்பியூட்டமால் (நீல நிவாரணி இன்ஹேலர்) இரண்டு பஃப் போதும். ஆனால் தினமும் இதையே நம்பினால் அதன் காப்பு மங்கும். உள்ளே உள்ள அழற்சியையும் அது ஆற்றாது. நிவாரணி மட்டும் போதாது, ஸ்டீராய்டு இன்ஹேலரும் வேண்டும் என்று 2019இல் உலக ஆஸ்துமா அமைப்பான 'ஜினா'வின் வழிகாட்டுதலே மாற்றி எழுதியது. ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளிக்க மறந்தால் வாயில் பூஞ்சை வரலாம்.

காசில்லாமல் கிடைக்கும் உதவி வார்ம் அப். 10–15 நிமிடம் மெதுவாக நடந்து ஓடி, இடையிடையே அரை நிமிட வேக ஓட்டம் சில சேர்த்தால் பலருக்குச் சுருக்கம் குறைகிறது. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். மூக்கால் மட்டுமே என்று பிடிவாதம் வேண்டாம், வேகம் கூடினால் வாய் திறக்கத்தான் செய்யும்.

இத்தனைக்கும் பிறகும் இன்ஹேலர் எடுபடவில்லை, மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வருகிறது, நின்றதும் சட்டென அடங்குகிறது என்றால், கோளாறு குரல்வளையில் இருக்கலாம். அதற்கு பஃப்களைக் கூட்டிப் பயனில்லை. மூச்சுப் பயிற்சியும் வேறு பரிசோதனையும் தேவைப்படும்.