உப்பேரி வறுக்கும்போது யாரைக் கூப்பிடுவது?

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் ஓணம் நெருங்கும்போது சமையல் சந்தேகங்களும் பெருகும். நேரலையில் உதவ இப்போது பலவழி இருக்கிறது: ஜூம் வகுப்பு, தனியாக வீடியோ கால், வாட்ஸாப் குழு, ஏஐ. எது நல்லது என்பதை அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஏத்தங்காய் உப்பேரியையே, அதாவது நேந்திரங்காய் வறுவலையே எடுத்துக்கொள்வோம். அதற்குக் காதால்தான் பதம் பார்க்க வேண்டும். காய் எண்ணெயில் விழுந்ததும் சடசடவென்று பொரியும். பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத்தண்ணியைத் தெளித்தால் மறுபடி சீறும். ஈரம் வற்ற வற்றச் சத்தம் அடங்கும், அப்போது கோரிவிட வேண்டும். ஜூமோ பேச்சைத் தவிர மற்ற சத்தங்களைத் தானாகவே வடிகட்டிவிடுகிறது. எதற்குக் காதைத் தீட்ட வேண்டுமோ அதுவே ஆசிரியருக்குப் போய்ச் சேராது. அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதைப் போட்டுவிட்டால் சரியாகும். ஆனால் வகுப்பில் எல்லாருடைய மைக்கும் அணைந்துதானே இருக்கும்? ஆசிரியரின் எண்ணெய் காய்ந்த நேரத்தில் உங்கள் எண்ணெய் காய்ந்திருக்காது. விருந்தில் எதை முதலில் தொடங்குவது, அடைப்பிரதமன் பாயசத்துக்குத் தேங்காயின் தலைப்பாலை எப்போது ஊற்றுவது என்று முழுசாகப் பார்த்துப் பழக வகுப்பு நல்லது, அவ்வளவுதான்.

அவசரத்துக்குத் தனி வீடியோ கால்தான். கட்டணம் கூடுதல், ஆனாலும் தகும். எதிரில் இருப்பவர் திருப்பிக் கேள்வி கேட்பார். “முகம் வேண்டாம், கரண்டியைத் தூக்கிக் காட்டுங்க. தீயைக் குறைச்சாச்சா?” இந்த ஒரு கேள்வியில் புளிசேரி பிழைத்துவிடும். கொதிக்கிற குழம்பில் தயிரை ஊற்றினால் திரிந்துபோகும், தயிர் சேர்த்தபின் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். போனைப் பாத்திரத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள், மேலே பிடித்தால் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. அப்புறம், நம் ஊர் அடுக்களை தெரிந்தவராகப் பாருங்கள். தேங்காய் அரைத்த மீன்குழம்பை வைத்துப் பழகாதவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் இங்கே தடுமாறுவார்.

ஆப்ப மாவு பொங்கவில்லை, ஊறுகாயில் நுரை வருகிறது என்பதற்கெல்லாம் வாட்ஸாப் குழு போதும். போட்டோ போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். பத்து பதில் வரும். அதே தேங்காயும் அதே தண்ணீரும் புழங்குகிற பக்கத்து ஊர் அக்காவின் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஐ நடுராத்திரியிலும் பதில் சொல்லும். கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும் என்பதுபோல் எண்ணில் அடங்குகிற கேள்விகளுக்கு உதவும். அமெரிக்காவில் வான்கோழி சமைப்பவர்களுக்கு பட்டர்பால் நிறுவனம் 1981 முதல் தொலைபேசியிலேயே வழிசொல்கிறது. ஒரே பறவை, வெப்பமானி வைத்துப் பார்க்கிற பதம் என்பதால் வெறும் குரலே அங்கே பெரும்பாலும் போதும். நம் உப்பேரிக்கும் புளிசேரிக்கும் அந்த வசதி இல்லை.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) விஷயத்தில் மட்டும் எந்த உதவியையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். தோலுரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். வெந்த பிறகும் கசந்தால் கிழங்கையும் கொட்டிவிடுங்கள், அதில் சயனைடு விஷம் இருக்கலாம்.

திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு எரியும். வீடியோ காலுக்கு ஆளையும் நேரத்தையும் முந்தின வாரமே பேசி வையுங்கள்.